வாய் அளந்த நார்

வீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்றை வாழைநாரால் அளந்து, அந்த நீளத்துக்கு நாரை நறுக்கி எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருந்தாள் நெலிமா. மறுநாள் காலை நாமுலோகிச் சரிவின் பிள்ளைகள் கையில் நாரும் காலில் சேறுமாக வந்து நின்றார்கள். ஒருவன் ஆட்டுவாலை அளந்திருந்தான். ஒருத்தி அப்பாவின் முக்காலியை. இன்னொருவன் பாயில் கிடந்த தம்பியை அளக்கப் போய், தம்பி நாரைக் கடித்துத் துப்பிவிட்டதால் பாதி நாரோடு அழுதுகொண்டே வந்திருந்தான்.

நெலிமா ஒவ்வொன்றையும் வாங்கிச் சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ஆட்டுவால் பெரிதா அகப்பை பெரிதா என்று பிள்ளைகள் கத்திக் கத்திச் சண்டை போட்டார்கள். கடைசியாக வந்தவள் கைன்சா. மபோங்காவின் மகள், ஐந்து வயது. முன்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் நீட்டிய நார் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"இது என்னடி, உங்க வீட்டு எலியோட வாலா?"

"இல்ல டீச்சர். வாய்."

"யாரு வாய்?"

"எங்க சமையக்கட்டுக்குப் பின்னால இருக்கு. தரையோட வாய்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நெலிமாவும் சிரித்தாள். அந்த நாரையும் கடைசி ஆணியில் மாட்டினாள்.

காப்பி விவசாயிகளின் பழைய கிடங்குதான் பள்ளிக்கூடம். மூன்று ஒற்றையடிப் பாதைகள் கூடும் இடத்தில், சரிவுக்குப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை முடிச்சின் மேல் இருந்தது. எங்கள் எல்கான் மலையில் பாறை வெளியே தெரியும் இடம் அபூர்வம்; மற்றதெல்லாம் கைவைத்தால் உள்ளே போகிற கறுத்த மண். அந்த மண்ணில் வாழையும் காப்பியும் போட்டி போட்டு வளரும். பாறையில் ஒன்றும் முளைக்காது என்பதால்தான் அந்த இடத்தைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

நெலிமா பக்கத்து மலையிலிருந்து எங்கள் சரிவுக்கு மருமகளாக வந்தவள். கணவன் ம்பாலே நகரத்தில் காப்பி ஆலையில் வேலை செய்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அவளும் அங்கேயே ஒரு பயிற்சி முடித்திருந்தாள். பயிற்சியில் கொடுத்த வண்ணப் படங்களும் மரக்கட்டைகளும் அங்கேயே தங்கிவிட்டன. இங்கே வந்தபோது அவளிடம் இருந்தது ஒரு சாக்கு நிறையச் சோடா மூடி. பிறகு பீன்ஸ் விதை சேர்ந்தது. காப்பிப் பழம், வெண்ணெய்ப்பழக் கொட்டை, மக்காச்சோளக் கதிர், காலித் தீப்பெட்டி. சிவப்பு பீன்ஸ் ஒரு பக்கம், புள்ளி பீன்ஸ் ஒரு பக்கம். ஒரு பிள்ளைக்கு ஒரு குவளை. குவளை மிஞ்சினால் யாரோ வரவில்லை. பலகையை ஒரு கல்லின் மேல் வைத்து, எந்தப் பக்கம் தாழ்கிறதோ அது கனம்.

"மூடி விளையாடறதுக்கா பிள்ளையை அனுப்பறோம்?" என்று முதலில் தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். விருந்தாளிகள் வந்த ஒரு நாள், நாலரை வயதுப் பொடியன் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டு தட்டு கொறையுது" என்று சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கிற்று.

அடுத்த வாரம் நெலிமா அதே பொருளை மறுபடி அளந்துவரச் சொன்னாள். ஒரு பொருளை எத்தனை தடவை அளந்தாலும் அளவு மாறாது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அதுதான் அன்றைய பாடம். புது நாரைப் பழைய நாரோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆட்டுவாலும் ஆட்டுவாலும் சமம். முக்காலியும் முக்காலியும் சமம். "அதேதான்! அதேதான்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

கைன்சாவின் நார் மட்டும் பழையதைவிட நீண்டு, அவள் உள்ளங்கை அகலம் இருந்தது.

"இழுத்துப் பிடிச்சிருப்ப."

"இல்ல டீச்சர்."

நெலிமா இரண்டு செங்கல்லை எடுத்து வைத்து, நடுவிலுள்ள இடைவெளியை அளக்கச் சொன்னாள். கைன்சா நாரின் ஒரு முனையை ஒரு செங்கல்லின் விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையைத் தொய்வில்லாமல் கொண்டுபோய், அடுத்த விளிம்பில் நகத்தால் கீறினாள். ஒரு குறை சொல்ல முடியாது.

"சரியாத்தான் அளக்கற. அப்புறம் எப்படிடி இது பெருசாச்சு?"

"அது வளருது டீச்சர்."

உடனே மற்றவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பூசணி வளரும்!" "எங்க கன்னுக்குட்டி வளரும்!" "எங்கம்மா வயிறு வளருது!" அந்தக் கூச்சலுக்கு நடுவே யாரோ ஒரு பிள்ளை கேட்டது: "தரை வளருமா டீச்சர்?"

"வளராது" என்றாள் நெலிமா. வகுப்பு முழுவதும் சுவரில் தொங்கிய இரண்டு நார்களையும் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக மதியத்துக்குப் பிறகு வரும் மழை, காலையிலேயே வந்து நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டது. வெளியே விட முடியாததால் நெலிமா தரையிலேயே ஒரு பாடம் போட்டாள். கற்களைக் குவித்து மேலே ஈரச் சாக்கை விரித்தாள். அதுதான் மலை. ஓரத்தில் ஒரு கறுப்புக் கல் வைத்தாள். அதுதான் பள்ளிக்கூடம். ஆளுக்கொரு தீப்பெட்டி கொடுத்து, அவரவர் வீடு எங்கேயோ அங்கே வைக்கச் சொன்னாள். மேலே, கீழே, பக்கத்தில் என்ற மூன்று சொற்களைப் பழக்குவதற்காக.

பிள்ளைகள் மும்முரமாக வைத்தார்கள். "எங்க வீடு உங்க வீட்டுக்குக் கீழ." "இல்ல, பக்கத்துல." தீப்பெட்டிகளால் சரிவு நிறைந்தது. கைன்சா தன் தீப்பெட்டிக்குப் பின்னால், மேல்பக்கமாக, ஒரு துண்டு நாரை வைத்தாள்.

"இது வாய்."

"எங்க வீட்டுலயும் இருக்கு" என்றான் அவளுக்கு அடுத்த வீட்டுப் பையன். அவனும் ஒரு நாரை எடுத்துவந்து வைத்தான். மறுபக்கத்திலிருந்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். "எங்க பன்னிக்கொட்டாய்க்குப் பின்னாலயும் இருக்கு. சின்னதா." இன்னும் இரண்டு பேர் வந்து வைத்தார்கள். யாரும் யாரையும் பார்த்து வைக்கவில்லை. ஆனால் வைத்து முடித்தபோது நார்களின் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, அரிவாள் போல ஒரே வளைவாக, அத்தனை தீப்பெட்டிகளுக்கும் மேலே கிடந்தன.

"ஐ! ஒரே கோடு!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நெலிமா கைதட்டவில்லை. சாக்கை மெல்ல மடித்து எடுத்தாள்.

சாயங்காலம் குடையோடு மபோங்காவின் வீட்டுக்குப் போனாள். அடுத்த மாதம் ஆகஸ்டில் சடங்கு; அது இம்பாலு ஆண்டு. எங்கள் பையன்கள் ஊர்க்கூட்டத்தின் முன்னால், முன்தோல் நீக்கும் கத்தியின் கீழ் அசையாமல் நின்று ஆண்களாகிற ஆண்டு. மபோங்காவின் மூத்த மகன் வமிம்பி நிற்கப்போகிறான். முற்றத்தில் கேழ்வரகுக் கள்ளுக்காகப் பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பையன் காலில் மணி கட்டிக்கொண்டு ஆடிப் பழகிக்கொண்டிருந்தான்.

மபோங்கா வாட்டசாட்டமான ஆள், வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவரே சமையல்கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"இதுதான் டீச்சரம்மா அந்த அதிசயம். நல்லா பாத்துக்கோங்க. டிக்கெட்டு இல்ல."

அது வெடிப்புத்தான். ஆனால் வெயிலில் வெடிக்கிற வெடிப்பு இல்லை. மேல்பக்க விளிம்பு உயர்ந்தும், வீட்டுப் பக்க விளிம்பு ஒரு படி தாழ்ந்தும் இருந்தது. நெலிமா பக்கத்தில் கிடந்த நீள மூங்கிலை எடுத்து உள்ளே விட்டாள். கை பிடித்த இடம் வரை போயிற்று, அடி தட்டவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் மணிக்கட்டில் பட்டது.

"அண்ணே, கோழி விழற அளவுக்கு இருக்கு இது."

"விழுந்தா எடுத்துக் குழம்பு வைப்போம்."

"விளையாடாதீங்கண்ணே. பக்கத்து வீட்டுலயும் இருக்காம், அதுக்கு அந்தப் பக்கத்து வீட்டுலயும். எல்லாம் ஒண்ணா சேருது. இந்தப் பக்கம் மொத்தமும்..."

மபோங்காவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மகன் ஆடுகிற மணிச்சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா பாரும்மா. ஆபீசுக்காரங்க முன்னயும் வந்தாங்க. கீழ சமவெளிக்குப் போ, வீடு தரோம்னாங்க. என் தம்பி போனான். கொசு, வெக்கை, வாழைக்கன்னு வெச்சா மறுநாளே சுருண்டு போகுது. திரும்பி வந்துட்டான். எங்கப்பா இந்த மண்ணுலதான் படுத்திருக்காரு. அவரு பக்கத்துலதான் என் பையன் நிக்கணும். நிக்கற வரைக்கும் இந்த வீட்டுல பயம்னு ஒரு சொல்லு வரக் கூடாது. அவன் காதுல விழுந்து, கத்தி முன்னால கண்ணைச் சிமிட்டினான்னு வெய்யி... அவன் பேரு, என் பேரு, அவன் பெறப்போற பிள்ளைங்க பேரு எல்லாம் நாறிடும். நீயும் மலைக்காரிதானே, உனக்குச் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. கண் சிமிட்டியவனின் வீட்டுப் பெண்களைத் தண்ணீர்க்கரையில் எப்படிப் பாட்டுக் கட்டிப் பாடுவார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

வாசல்வரை கூட வந்தவள் மபோங்காவின் மனைவி நம்போசோ. முள்வேலிக்கு அருகே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "சமையக்கட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது டீச்சர். நிலை கோணிக்கிட்டே போகுது. அவரு கதவைச் சீவிச் சீவி வெக்கறாரு. இப்ப கதவே குட்டையாயிடுச்சு."

மறுநாள் மபோங்கா மண் வெட்டி அந்த வெடிப்பை மூடி, மேலே வாழை இலையைப் பரப்பிவிட்டார். "டீச்சர், வாய் மூடிக்கிச்சு" என்று கைன்சா வெறுங்கையை விரித்துக் காட்டினாள். ஒன்றுமே இல்லாததற்கும் ஒரு பெயர் உண்டு, அதைச் சுழி என்று சொல்லலாம் என்று நெலிமா பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தாள். நான்காவது நாள் இலைகள் உள்ளே போயிருந்தன. போட்ட மண்ணும் போயிருந்தது.

நெலிமா மழையில் நடந்து கீழே அரசாங்க ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். நாற்காலியில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "போன தடவை நாங்க சொன்னப்ப எங்களைக் கல்லெடுத்து அடிச்சாங்கம்மா உங்க ஆளுங்க. மேல எழுதிப் போடறேன். ஆள் வருவாங்க" என்றார். ஆள் வரவில்லை. அவள் ஆபீசுக்குப் போனாள் என்ற சேதி மட்டும் அவளுக்கு முன்னால் மலையேறி ஊருக்கு வந்துவிட்டது.

ஊர்த்தலைவர் குலோபா பள்ளிக்கு வந்தார். எல்லாரும் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னாலேயே ஏழெட்டுத் தாய்மார்கள். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார்.

"எங்க ஊர்ல நாரை வெச்சு யாரை அளப்போம்னு உனக்குத் தெரியுமா?"

நெலிமாவுக்குத் தெரியும். இறந்தவரை அளப்பார்கள். அந்த நீளத்துக்குக் குழி வெட்டுவார்கள். பிறகு நாரையும் உள்ளேயே போட்டு மூடிவிடுவார்கள். அவள் பிறந்த மலையிலும் அதுதான் வழக்கம். பாடம் நடத்துகிற மும்முரத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"அந்த நாரைப் பச்சைப் பிள்ளைங்க கையில குடுத்து, இம்பாலு வீட்டை அளக்க விட்டிருக்க."

"சேர்மன், நான் சாவை அளக்கல. தரையைத்தான் அளக்கச் சொன்னேன்."

"தரையை அளக்கறவன் யாரு? குழிவெட்டிதானே?"

பின்னால் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குலோபா நார்களை ஒரே பிடியாகப் பிடுங்கினார். ஆட்டுவால், முக்காலி, அகப்பை, தரையின் வாய் எல்லாவற்றையும் கஞ்சி அடுப்பில் போட்டார். ஈர நார் எரியாமல் நெடுநேரம் புகைந்தது. பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பாதையில் எதிர்ப்பட்டவர்கள் நெலிமாவுக்கு வழிவிடுகிற சாக்கில் வாழைக்குள் ஒதுங்கினார்கள். 'பக்கத்து மலைக்காரி, அந்த மலையில் சூனியக்காரிகள் அதிகம்' என்று பேச்சு. கைன்சா மட்டும் நாள்தோறும் வந்தாள். நம்போசோதான் அனுப்பினாள். கூடவே ஒரு நாளும் சொல்லி அனுப்பாத ஒன்றைச் சொல்லி அனுப்பினாள்: "மழை பெஞ்சா இவளை அனுப்பாதீங்க, அங்கயே வெச்சுக்கோங்க."

இம்பாலு நாள் வந்தது. விடியலிலேயே முரசு தொடங்கியது. தாய்மாமன் வீடுகளிலெல்லாம் ஆடிவிட்டு வந்த கூட்டம், பையனைச் சதுப்புக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் சேறு பூசி, பாட்டோடு சரிவில் ஏறியது. எங்கெங்கோ இருந்து சொந்தம் வந்திருந்தது. மபோங்காவின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. அத்தனை கால்களும் ஒரே தாளத்துக்குத் தரையை உதைத்தன.

எல்லாரும் பாறைக்கு வந்துவிடும்படி நெலிமா முதல்நாளே நம்போசோவிடம் போய்க் கெஞ்சியிருந்தாள். நம்போசோ நேராகப் பதில் சொல்லவில்லை. "கூட்டத்துல பொடிசுங்க காலுக்குள்ள வந்து மிதிபடும். எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துலயே வெச்சுக்கறீங்களா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். எந்தத் தாய்க்கும் அதில் மறுப்பு இல்லை. சூனியக்காரியானாலும் ஒரு நாள் பிள்ளை பார்த்துக்கொண்டால் நல்லதுதானே.

பாறையின் மேல் பிள்ளைகள் மூடிகளை அடுக்கி விளையாடினார்கள். நெலிமா கதவருகே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் கனத்தது. பாட்டு உயர்ந்தது. சட்டென்று எல்லாம் நின்றது. முரசு, மணி, பேச்சு எதுவுமில்லை. அவள் எழுந்து நின்றுவிட்டாள். அப்போதுதான் கத்தி பேசும் நேரம் என்பது நினைவுக்கு வந்தது. மறுகணம் ஊளைச்சத்தமும் குலவையும் மலையைப் பிளந்தன. வமிம்பி கண் சிமிட்டவில்லை.

வேறெதுவும் நடக்கவில்லை.

பொழுது சாயும்போது, கள் மப்பில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்கள் வாசலில் நின்று கத்தினார்கள்.

"டீச்சரம்மா! மலை அங்கயேதான் இருக்கு. வேணும்னா வந்து அளந்து பாருங்க!"

"நார் இருக்கா, இல்ல நாங்க தரட்டுமா?"

நெலிமாவும் சிரித்தாள். அன்று அவளுக்கு வந்த நிம்மதியில் அந்தக் கேலிகூட இனித்தது. தான் நினைத்தது தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள். அடுத்த நாட்களில் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நெலிமா பீன்ஸையும் மூடிகளையும் வைத்தே பாடம் நடத்தினாள். நாரைத் தொடவில்லை.

பிறகு ஊற்று நின்றது. சரிவின் அடியில் எந்த வெயிலிலும் வற்றாத ஊற்று, அடைமழையில் வற்றியது. பெண்கள் காலி ஜெர்ரிகேன்களோடு அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போனார்கள். மறுநாள் அது செங்குழம்பாகத் திரும்பி வந்தது.

அன்று காலை கைன்சா பள்ளிக்கு வந்ததும் நெலிமாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அடிக்குப் பயந்தவள் போல இருந்தாள்.

"டீச்சர், நான் அளக்கல."

"சரிம்மா. யாரு உன்னைக் கேட்டா?"

"அளக்கல. ஆனா அப்பா அதுமேல பலகை போட்டிருக்காரு. காப்பித் தோட்டத்துக்கு அப்படித்தான் போறோம்."

நெலிமா கஞ்சி காய்ச்சும் ரூத்தைக் கூப்பிட்டாள். "ஒரு பிள்ளையும் இந்தப் பாறையை விட்டு இறங்கக் கூடாது. அம்மா வந்து கூப்பிட்டாலும் சரி, நான் சொல்ற வரைக்கும் விடாதே" என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினாள்.

மபோங்காவின் வீட்டுக்குப் பின்னால் நான்கு முழப் பலகை ஒன்று கிடந்தது. அதன் இரண்டு முனைகளும் விளிம்பில் சற்றேதான் பட்டிருந்தன. வீட்டுக்குள் வமிம்பி புண் ஆறாமல் இடுப்பில் துணியோடு படுத்திருந்தான். மபோங்கா கதவைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்பவே கிளம்புங்க. பாறைக்கு வாங்க. மழை விட்டதும் திரும்பி வரலாம்."

"திருவிழாவுக்கு முன்னாலயும் இதையேதான் சொன்ன."

"அன்னிக்கு நான் தப்பு. இன்னிக்கும் தப்பாவே இருக்கட்டும். நாளைக்கு ஊரு பூரா என்னைப் பாத்துச் சிரிங்க."

"புண்ணோட இருக்கற பையனை வெளிய இறக்கினா..."

நம்போசோ அவரை முடிக்க விடவில்லை. உள்ளே போனாள். மகனின் கையைத் தன் தோளில் போட்டு எழுப்பினாள். "அவன் இப்ப ஆம்பளை. நடப்பான்" என்றாள். கணவனின் முகத்தைப் பார்க்காமலேயே அவரைக் கடந்து வாசலுக்கு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கடந்து போனதில்லை. மபோங்கா உளியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"போங்க. மாட்டை அவுத்துட்டு வரேன்" என்றார். மாட்டுக்கொட்டகை வீட்டுக்குக் கீழே, வாழைக்கு அப்பால் இருந்தது.

நெலிமா அடுத்தடுத்த வீடுகளின் கதவைத் தட்டினாள். சிலர் மபோங்காவின் மனைவியே பையனோடு போவதைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. குலோபா தன் வாசலில் நின்று, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?" என்றார். ஆனால் மனைவியையும் மருமகளையும் அனுப்பினார். தான் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் பாறைக்குத் திரும்பி ஏறிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. எங்கோ லாரியில் கல் கொட்டுவது போலத்தான் முதலில் இருந்தது. பிறகு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்து, ஒன்றாக நின்றன. மேல்சரிவிலிருந்த யூகலிப்டஸ் மரங்கள் நின்றபடியே நடந்து வந்தன. சாயவில்லை, விழவில்லை, வரிசை கலையாமல் கீழே இறங்கின. அவற்றின் அடியில் வீடுகள் முன்னால் தலைகுனிந்து உள்ளே போயின. மண் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் வரை போய் மோதி, திரும்பி, சுருண்டு நின்றது. பாறை நடுங்கியது. பிள்ளைகள் நெலிமாவின் மேல் குவிந்தார்கள். யாரும் அழவில்லை.

மபோங்கா எங்கும் தென்படவில்லை. கழுத்தில் கயிறு அறுந்த ஒரு மாடு மட்டும் சேற்றின் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியுமாக நாள்கணக்கில் தோண்டினார்கள். சிலரை எடுத்தார்கள். குலோபாவை எடுத்தார்கள். மபோங்காவை எடுக்க முடியவில்லை. மிஞ்சியவர்களைக் கீழே சமவெளிக்குக் கொண்டுபோய்க் கூடாரத்தில் வைத்தார்கள். போர்வை கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று கேட்டார்கள். பெரியவர்களை முந்திக்கொண்டு சில பிள்ளைகள் தாமாகவே விரல் நீட்டிச் சொல்லிவிட்டார்கள், பழைய கணக்கில். ஒரு சிறுவன் ஐந்து விரலையும் நீட்டினான். அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக மூன்று விரல்களை மடக்கிவிட்டாள்.

கூடாரத்திலும் நெலிமா பள்ளி வைத்தாள். இப்போது அவளைப் பார்த்தால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அது அவளுக்குக் கேலியைவிடக் கனமாக இருந்தது. ம்பாலேயிலிருந்து வந்த கணவன், "போதும், என்கூடவே வந்துடு" என்றான். "இந்தப் பள்ளிப் பருவம் முடியட்டும்" என்றாள். பிள்ளைகளுக்குச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒப்பிடவும் சொல்லிக்கொடுத்தாள். எடுத்துவிட்டால் மீதி எத்தனை என்று மட்டும் கேட்கவில்லை.

சமவெளியில் வெக்கை தாளவில்லை. கொசுக்கடியில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் இரண்டு மூன்று ஆண்கள் "காப்பி பழுத்திருக்கும், பறிச்சிட்டு வரோம்" என்று மேலே போனார்கள். பிறகு அவர்களின் மனைவிமார் சமைத்துப்போடப் போனார்கள். ஒரு நாள் வமிம்பி தாயின் முன்னால் வந்து நின்றான். நடை இன்னும் சீராகவில்லை. குரல் மாறியிருந்தது.

"அப்பா அங்கதான் இருக்காரு. அவரை அங்க தனியா விட்டுட்டு இங்க எப்படிம்மா சாப்பிடறது? சரிஞ்ச இடத்துக்கு அந்தப் பக்கம் நம்ம நிலம் கொஞ்சம் மீதி இருக்கு. குடிசை போடறேன்."

நம்போசோ நெலிமாவைப் பார்த்தாள். நெலிமாவுக்கு நூறு பதில் தெரியும். ஆனால் எதைச் சொன்னாலும் சேற்றுக்குள் இருக்கிற ஒருவரை விட்டுவிடு என்றுதான் அர்த்தமாகும்.

மழை ஓய்ந்த ஒரு மாதத்துக்குள் கூடாரம் பாதி காலியாகிவிட்டது. கைன்சாவும் போய்விட்டாள். பிள்ளைகளெல்லாம் மேலே இருக்க, கீழே யாருக்குப் பாடம் நடத்துவது? நெலிமாவும் ஏறினாள். கணவனுக்குச் சேதி மட்டும் சொல்லி அனுப்பினாள்.

பழைய கிடங்கு விரிசல்விட்டு நின்றது. உள்ளே போகக்கூடாது என்று தடுத்திருந்தார்கள். வமிம்பியும் இன்னும் சிலரும் சரிவின் மறுபக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். நெலிமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள், குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். அந்த மலையில் இதைவிட நல்ல இடம் இல்லை என்றார்கள். இருக்கலாம்.

முதல் நாள் பாடத்துக்குக் காப்பிப் பழங்களைக் கொட்டினாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, பழுத்ததை ஒரு பக்கமும் காயை ஒரு பக்கமுமாகப் பிரித்தார்கள். பிறகு சேர்ந்து குரல் கொடுத்து எண்ணத் தொடங்கினார்கள். பாதியில் தகரத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தகரம் முழுவதும் இரைந்தது.

எண்ணிக்கை நின்றுவிட்டது.

"எண்ணுங்கம்மா" என்றாள் நெலிமா.

அத்தனை பேரின் முகமும் கதவுக்கு வெளியே, சரிவின் மேல்பக்கமாகத் திரும்பியிருந்தது. நெலிமாவும் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து போய் வாசலில் நின்று பார்த்தாள்.